சாவு வீட்டில் சாவி

சென்ற மாதம் ஒரு நாள், மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய ஒரு சந்தில், 30 வருஷ காலம் என்னோடு ஒரே அறையில் உத்தியோகம் பார்த்த நண்பர் காலமானார் என்ற செய்தி அதிகாலையில் வந்தது. அவசரமாக ஸ்நானம் செய்து காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, என் மனத்தில் துக்கத்தின் பக்கத்திலேயே, அதற்குச் சற்றும் பொருந்தாத ஓர் அற்பக் கவலையும் வந்து உட்கார்ந்துகொண்டது என்பதை இங்கே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். வண்டியை எங்கே நிறுத்துவது?

அந்தக் கவலைக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. சந்தின் முனையில், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக நின்றிருந்த ஒரு பையன் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினான், கதவைத் திறந்தான், சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு சிறு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். நான் இறங்கி நடக்கும்போதே என் கார் எங்கோ கிளம்பிப் போய்விட்டது. கல்யாண மண்டபங்களிலும், நட்சத்திர ஹோட்டல்களிலும் நாம் பார்த்துப் பழகிய வாலே பார்க்கிங்தான் அது. சாவு வீட்டு வாசலில் அதை நான் கண்டது அதுவே முதல் தடவை. காலஞ்சென்றவரின் மருமகன் ஏற்பாடு என்று பிறகு தெரிந்தது.

சீட்டைச் சட்டைப் பையில் போடும் முன் ஒரு கணம் பார்த்தேன். எண் 47. வண்டி எண்; வந்த நேரம். அதன் கீழே, 'வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன' என்ற எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் அடியில், பூ வேலைப்பாட்டோடு கொட்டை எழுத்தில், 'நன்றி! மீண்டும் வருக!'

சிரிப்பு வந்தது; சிரிக்கக் கூடாத இடம். நண்பர் உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்து, ஒரு வாரம் அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருப்பார்.

நம்முடைய சம்பிரதாயங்களில், வந்தவர்களை 'வாருங்கள்' என்று சொல்லாத வாசல் ஒன்று உண்டென்றால் அது சாவு வீட்டு வாசல்தான். எதிரிக்குக்கூட ஒரு 'வாங்க' சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்கும் இந்த ஜாதி, அன்று ஒரு நாள் மட்டும் வாய் திறப்பதில்லை. வந்தவர் தாமே செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமே உள்ளே போவார்; கையைப் பிடித்துக்கொள்வார்; சற்று உட்கார்வார்; பிறகு, 'போய்விட்டு வருகிறேன்' என்ற, நாம் தெருமுனைக் கடைக்காரனிடம்கூடச் சொல்லத் தவறாத அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விடுவார். இப்படி வரவேற்பும் வழியனுப்பலும் விலக்கப்பட்ட ஒரு வாசலில், வரவேற்பதையும் வழியனுப்புவதையும் தவிர வேறு வித்தை ஏதும் கற்றிராத ஒரு தொழிலைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்ற யோசனைதான், அன்று முழுவதும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது.

'துக்க வீட்டில் இதெல்லாம் ஆடம்பரம் இல்லையா?' என்று உள்ளே ஒரு பெரியவர் என் காதோரம் முணுமுணுத்தார். அவர் சொன்னதை ஏற்க என்னால் முடியவில்லை. அதற்குக் காரணமான ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன், நகரத்தின் வேறொரு பகுதியில், நெருங்கிய உறவினர் ஒருவரின் வீட்டில் நடந்தது. அன்று புதன்கிழமை. புதன்கிழமை பத்தரைக்குக் குளிகை ஆரம்பம் என்பதும், குளிகையில் செய்யும் காரியம் மறுபடி மறுபடி நிகழும் என்ற நம்பிக்கையால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிரேதத்தை எடுக்க மாட்டார்கள் என்பதும் வாசகர்கள் அறிந்ததே. ஆகையால் பத்து மணிக்கே எடுத்துவிடுவதென்று பெரியவர்கள் நிச்சயித்திருந்தார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து உடலை எடுத்துக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு எல்லாம் ஆகிவிட்டது. ஆனால் இறுதி ஊர்தி தெருவுக்குள் நுழைய முடியவில்லை. தெரு முனையில் ஒரு பெரிய கார், குறுக்கே என்று சொல்ல முடியாதபடியும் ஓரமாக என்று சொல்ல முடியாதபடியும், கைப் பிரேக் போட்டுப் பூட்டி நின்றது. யாருடையது என்று கேட்டால் எவருக்கும் தெரியவில்லை. மைக் வைத்து அறிவிக்க அது கல்யாண வீடும் அல்ல. இளைஞர் ஒருவர் கூடத்தில் நின்று, அழுகைக்கு நடுவே, வண்டி எண்ணை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் தங்கள் வண்டி எண்ணை ஞாபகப்படுத்திக்கொண்டு, நம்முடையது இல்லை என்று நிச்சயமான பிறகு அழுகையைத் தொடர்ந்தார்கள். கடைசியில், பாடை தூக்க வந்த ஆறு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் காரைத் தூக்கினார்கள். பின்பக்கத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சுவரோரம் சேர்த்தபோது மணி பத்து நாற்பது.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். குளிகை பன்னிரண்டு வரை. புதன்கிழமையாதலால் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். தெருவில் பந்தலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, 85 வயது அம்மாள் ஒருவர் தம் கணவரின் உடலுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காருக்கு உரியவர் பதினொன்றுக்கு வந்து சேர்ந்தார். துக்க வீட்டில் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள் என்று, நியாயமாகவே, பக்கத்துத் தெருவுக்குக் காபி குடிக்கப் போயிருந்தாராம். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்று முதல், சாவு வீட்டில் வண்டிகளை ஒழுங்கு செய்வதை ஆடம்பரம் என்று எவர் சொன்னாலும், அந்த அம்மாளின் முகம்தான் எனக்கு முன்னே வந்து நிற்கிறது.

1953-ல் டிராம் வண்டி நின்றுபோகும் வரையில், சென்னையில் துக்கத்துக்கு டிராமில் வந்து இறங்கினவர்கள் உண்டு என்று என் தகப்பனார் சொல்வார். நடந்து வந்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள், ஜட்காவைத் திருப்பி அனுப்பிவிட்டு நின்றவர்கள் என்று அன்றைய கூட்டம் தெருவில் மனிதர்களாகவே நின்றது. இன்றைய கூட்டம் ஆளுக்கொரு இரும்புக் கூட்டையும் உடன் கொண்டுவந்து சேர்க்கிறது. மாட வீதிகள் தேருக்காக அளந்து போடப்பட்டவை. அவற்றிலிருந்து கிளைக்கும் சந்துகளை அளந்தவர்கள் மனிதனின் தோளை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள் போலும்.

நண்பர் வீட்டில் அன்று எடுப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. காற்றுக்காக வெளியே வந்தவன், சந்து முனையில் சாவிப் பலகையின் அருகே நின்றிருந்த மேற்பார்வையாளரோடு பேச்சுக் கொடுத்தேன். விழுப்புரம் பக்கத்து மனிதர். நாற்பது வயது இருக்கலாம். என் வயதைப் பார்த்து 'ஐயா' என்றார். நான் 'தம்பி' என்றேன். பேச்சு சுலபமாகிவிட்டது.

"கல்யாணத்துல சாவி வாங்குறப்ப சிரிக்கணுங்கய்யா. இங்க சிரிக்கக் கூடாது. பசங்களுக்கு அதுதான் கஷ்டம். பழக்கதோஷத்துல 'வாங்க சார், வணக்கம் சார்'னு கையெடுத்துடுவானுங்க. மொத தடவை ஒரு வீட்டுல ஒரு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, 'என்னப்பா, எங்க வீட்டுல கல்யாணமா நடக்குது?'ன்னு கேட்டுட்டாங்க. அன்னையிலேர்ந்து, வாயத் தொறக்காத, சீட்டக் குடு, தலையக் குனின்னு சொல்லிட்டேன்."

தொழிலின் நுட்பங்களை அவர் விவரித்தபோது, ஒரு சாஸ்திரத்தைக் கேட்பது போலவே இருந்தது. கல்யாணத்தில் வண்டிகள் இரண்டு மணி நேரம் சிறிது சிறிதாக வந்து, சாப்பிட்டுவிட்டுச் சிறிது சிறிதாகக் கிளம்பும். துக்கத்தில் வருகிற நேரத்துக்குக் கணக்கில்லை, ஆனால் எடுத்த மறுநிமிஷம் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வண்டி வேண்டும். அதிலும் ஒரு பாதி வீட்டுக்கு, மறு பாதி மயானத்துக்கு. மயானத்துக்குப் போகும் வண்டிகள் ஊர்தியின் பின்னாலேயே வெளிப்பட்டாக வேண்டும். ஆகவே அவற்றை முன்னதாகவே தனியே பிரித்து, தெருவைப் பார்க்க முகத்தைத் திருப்பி நிறுத்தவேண்டும். அதற்காகப் பக்கத்திலிருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் முற்றத்தை, அன்று அங்கே முகூர்த்தம் இல்லாததால், பேசி வாங்கியிருந்தார்கள். பலகையில் சாவிகள் இரண்டு வரிசையாகத் தொங்கின. எந்தச் சாவி எந்த வரிசைக்கு என்பதை வண்டி வந்தவுடனேயே தெரிந்துகொள்ள வேண்டுமே, அதை எப்படிக் கேட்பது? 'சுடுகாட்டுக்கு வருவீர்களா?' என்று, துக்கத்தோடு இறங்குகிறவரிடம் முகத்துக்கு நேரே கேட்க முடியுமா?

"'கடைசி வரைக்கும் இருப்பீங்களா சார்?'னு கேப்போம்" என்றார் அவர்.

என்னிடமும் அந்தப் பையன் அதைத்தான் கேட்டிருந்தான். நான் 'இருப்பேன்' என்று தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தேன். கேள்வியின் முழு அர்த்தமும் இப்போதுதான் விளங்கிற்று.

கல்யாணத்தில் பையன்களுக்குப் பந்தியில் இலை உண்டு. இங்கே அடுப்பே எரியாது, பசிக்கிறதா என்று கேட்கவும் ஆள் இருக்காது. ஆகையால் எலுமிச்சம் சாதப் பொட்டலங்களை அவரே கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அன்பளிப்பு வாங்கக் கூடாதென்பது அவருடைய கண்டிப்பான விதி. பத்து ரூபாய்க்காக ஒருவர் துக்க வீட்டு வாசலில் பர்ஸைத் திறந்து சில்லறை தேடும் காட்சி பார்க்க நன்றாயில்லை என்பது அவர் சொன்ன காரணம். வேலை முடிந்து போகும் பையன்களில் சிலரை அவர்களுடைய தாயார்கள் வாசலிலேயே நிறுத்தி, தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுகிறார்களாம். 'காரைத்தானே தொட்டேன்' என்று சொன்னால் கேட்பார்களா?

சாவி என்ற சொல், அலமாரி, ஜன்னல், மேஜை ஆகியவற்றோடு போர்ச்சுகீசியர் நமக்கு விட்டுப்போன சொத்து என்பார்கள். கதிர் வந்தும் மணி பிடிக்காமல் பதராய்ப்போன பயிரையும் நம் உழவர்கள் சாவி என்றே சொல்லுகிறார்கள்; அது வேறு சொல். நண்பருக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. 'இந்த வருஷமும் சாவிதான் ஐயா' என்று அவர் சொல்லும்போதெல்லாம், வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டாரோ என்று நான் முதலில் நினைத்ததுண்டு. இது பேச்சோடு பேச்சாக வந்தது, விஷயத்துக்குத் திரும்புகிறேன்.

இந்தத் தொழில் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஹெர்ப் சிட்ரின் என்பவர் 1946-ல் வண்டி நிறுத்திக் கொடுப்பதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். உணவு விடுதிகளில் வேரூன்றிய அந்த வழக்கம் பிற்பாடு கல்யாணம், விருந்து, ஆஸ்பத்திரி என்று பரவி, மரணத்தின் வாசலுக்கும் வந்தது. இல்லினாய் மாநிலத்தில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரின் அந்திமச் சடங்குக்குப் போயிருந்தேன். அங்கே சடங்கு வீட்டில் நடப்பதில்லை. அதற்கென்றே உள்ள ஒரு நிலையத்தில் நடக்கிறது. கறுப்புக் கோட்டு அணிந்த ஊழியர்கள் வண்டிகளை வாங்கி, குடும்பத்தாருடையது முதலில், நெருங்கியவர்களுடையது அடுத்து, எங்களைப் போன்றவர்களுடையது பின்னால் என்று உறவின் கிரமப்படியே வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு கொடியை வைத்தார்கள். பட்டப்பகலில் எல்லா வண்டிகளும் முகப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. அந்த மாநிலத்துச் சட்டப்படி, முன்னால் செல்லும் வண்டி சிக்னலுக்குக் கட்டுப்பட்டு நாற்சந்தியைக் கடந்துவிட்டதானால், நடுவில் சிவப்பு விளக்கு விழுந்தாலும் பின்வரும் வண்டிகள் நிற்காமல் தொடரலாம். ஊர்வலத்தை ஒருவரும் அறுக்கக் கூடாது.

ஒழுங்கு என்னைக் கவர்ந்தது உண்மை. ஆனால் சாவியை வாங்கிய ஊழியர் என்னைப் பார்த்து, 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னாரே, அதுதான் இன்று வரையில் மறக்கவில்லை. அவர்களுக்கு அந்த வாசலில் சொல்வதற்கு ஒரு தயாரான வாக்கியம் இருக்கிறது. முன்பின் அறியாதவனும் அதைச் சொல்லலாம். நமக்கு அப்படி ஒரு வாக்கியம் பழக்கத்தில் இல்லை. நம்முடைய துக்க பாஷை மௌனம், கையைப் பிடித்துக்கொள்வது, 'எப்போ ஆச்சு?' என்று ஒரு கேள்வி. சாவியை வாங்க வரும் அந்நியப் பையனுக்கு இவற்றில் முதலாவது ஒன்றுதான் உரியது. விழுப்புரத்துக்காரர் அதைப் பிறர் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார் என்பதுதான் எனக்கு அவர் மேல் ஏற்பட்ட மதிப்புக்குக் காரணம்.

அந்த நாட்டிலிருந்து நாம் இரவல் வாங்கத் தக்க வேறொன்றும் உண்டு. அங்கே 1984 முதல் அமலில் இருக்கும் ஒரு மத்திய அரசு விதியின்படி, அந்திமக் காரியங்களை நடத்தும் நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று தனித்தனியே எழுதிய பட்டியலைக் கேட்பவர் கையில் கொடுத்தாக வேண்டும். நம் ஊரிலோ, ஐஸ் பெட்டிக்காரர், சாமியானாக்காரர், நாற்காலிக்காரர், ஊர்திக்காரர் எவரிடமும் துக்க வீட்டார் பேரம் பேசுவதில்லை. பேசினால் போனவருக்குக் குறை வைத்ததாகும் என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தின் மேல் உட்கார்ந்து சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். வண்டி நிறுத்தும் தொழிலும் அந்த வரிசையில் போய்ச் சேராமல் இருக்க வேண்டுமானால், எத்தனை ஆள், எத்தனை மணி, எவ்வளவு தொகை என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம். அதைத் துக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியதில்லை; வெளியே நின்று வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருக்கும் மருமகன்களும் மைத்துனர்களும் எதற்காக இருக்கிறார்கள்?

சீட்டிலுள்ள 'சொந்தப் பொறுப்பு' என்ற வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாவியைக் கொடுத்து வண்டியை ஒப்படைப்பது, 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு சொல்லும் ஒப்படைப்பு வகையைச் சேர்ந்தது. வாங்கிக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அதைப் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். தில்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் 1998-ல் வாலே பையனிடம் ஒப்படைத்த ஒரு மாருதி கார் களவு போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 2019 நவம்பரில், சீட்டில் 'சொந்தப் பொறுப்பு' என்று அச்சிட்டுவிட்ட மாத்திரத்தில் தன்னுடைய அஜாக்கிரதைக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்பிவிட முடியாது என்று தீர்ப்பாயிற்று. அன்று வந்திருந்தவர்களில் வக்கீல் ஒருவர் இதைச் சொன்னபோது, மேற்பார்வையாளர் வருத்தப்படவில்லை. "எழுதாட்டியும் எங்க பொறுப்புதாங்கய்யா. பிரஸ்ல அப்படித்தான் அடிச்சுக் குடுக்குறாங்க" என்றார். 'மீண்டும் வருக'வும் அந்த அச்சகத்தாரின் உபயமே. எல்லாச் சீட்டுக்கும் ஒரே அச்சு.

இரங்கல் கூட்டம், படத்திறப்பு முதலியவை வேறு ரகம். அங்கே வரவேற்பும் உண்டு, மேடையும் உண்டு, மாலையும் உண்டு. வருகிறவர்கள் தாமதமாக வந்து, தாங்கள் பேசியவுடன் கிளம்புகிறவர்கள். பிரமுகர் மேடையை விட்டு இறங்கும்போது வாசலில் வண்டி நிற்காவிட்டால், காலஞ்சென்றவரின் குணநலன்களைப் பற்றி இப்போதுதான் உருகி முடித்த வாயால் பையனை அவர் என்ன சொல்வார் என்பதற்கு நான் சாட்சி. ஆகையால் ஒலிபெருக்கியில் காதை வைத்துக்கொண்டே நிற்க வேண்டுமாம். "'இறுதியாக ஒன்றைக் கூறி'ன்னு சொன்னா இன்னும் கால் மணி நேரம் இருக்குங்கய்யா. 'நேரமின்மை காரணமாக'ன்னு சொன்னாத்தான் வண்டி எடுக்க ஓடணும்" என்றார். பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்தில் மட்டும் பையன்கள் பழையபடி 'வாங்க' சொல்லலாம், இலையும் உண்டு.

பதினொன்றரைக்கு எடுத்தார்கள். ஊர்தி சந்துக்குள் தடையின்றி வந்து, தடையின்றி வெளியேறியது. அதன் பின்னாலேயே, எங்கள் வண்டிகள் எட்டும் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தன. பெசன்ட் நகர் மின்மயானத்தில் காரியம் முடிந்து, மறுபடி அந்த வீட்டுக்குத் திரும்பி, நனைந்த தலையோடு விளக்கைப் பார்த்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நான் வெளியே வந்தபோது மணி மூன்றை நெருங்கிற்று. அதே பையன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஓட்டுநர் இருக்கையின் மேல், நான் ஈரத்தோடு உட்காருவேன் என்று, ஒரு பழைய துண்டை விரித்திருந்தான். சாவியைக் கொடுத்தான். வாய் ஏதோ சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து ஒதுங்கி நின்றான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் எவராவது, வேண்டாம் என்றாலும் வந்தே தீரும் ஒரு நாளில், உங்கள் தெருவுக்கு இந்தப் பையன்களை அழைக்க நேரிட்டால், ஒரு காரியம் செய்யுங்கள். கூடத்தில் இருப்பவர்களைக் கேட்க வேண்டாம். மைத்துனரிடம் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, சீட்டுப் புத்தகத்தின் கடைசி வரியை மட்டும் வெட்டிவிடச் சொல்லுங்கள்.